கணனி சொன்னது 61, றாக்கையில் இருந்தது 37

எனது கடையில் நடந்த ஒரு விடயத்தைச் சொல்லித்தான் இந்த வாரப் பாடத்தை ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. சொல்வதற்கு வெட்கமான விடயம்தான். ஆனாலும் வியாபாரிகளுக்காக எழுதும் பக்கத்தில் இலாபத்தை மட்டும் எழுதிவிட்டு நட்டத்தை மறைப்பது நியாயமாகாது.

வாப்பாவின் காலத்தில் எங்கள் பலசரக்குக் கடையின் கணக்கு முழுவதும் இரண்டு சீ.ஆர். கொப்பிகளில் அடங்கியிருந்தது. ஒன்று கடன் கொப்பி, மற்றது சரக்குக் கொப்பி. கடை என் கைக்கு வந்த பின்னர் ஒரு கணனி வாங்கி, பில் போடும் மென்பொருளையும் பார்கோட் வாசிக்கும் கருவியையும் பொருத்தினேன். இனி எந்தச் சாமான் எத்தனை இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, திரையைப் பார்த்தால் போதும் என்று நினைத்தேன். சரக்குக் கொப்பியை மூடி மேல் தட்டில் போட்டுவிட்டேன்.

இரண்டாவது வருடம். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம். ஒரு கம்பனியின் 400 கிராம் பால்மாவின் இருப்பைப் பார்த்தேன். கணனி 61 பக்கட் என்றது. றாக்கையிலும் ஸ்டோரிலும் உள்ளதைச் சேர்த்து எண்ணினால் 37. அதாவது 24 பக்கட் குறைவு. பால்மா விற்கிற விலைக்கு அது சின்னத் தொகையல்ல.

ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்தவர் ஆறு வருடமாக எங்களோடு வேலை செய்த ஒரு தம்பி. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போதே அவரைக் கூப்பிட்டேன். "தம்பி, கம்பியூட்டர் பொய் சொல்லாது. இருபத்து நாலு பக்கட் எங்க போன?" என்று கேட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்த் தனது பையை எடுத்து வந்து மேசையில் கவிழ்த்தார். ஒரு சாப்பாட்டுப் பெட்டி, ஒரு தொப்பி, ஒரு பஸ் டிக்கட். அவ்வளவுதான். அடுத்த நாள் அவர் வேலைக்கு வரவில்லை.

பத்து நாட்கள் கழித்து வேறொரு கம்பனியின் பால்மாவை எண்ண வேண்டி வந்தது. கணனியில் 18. கையில் 42. அதாவது 24 பக்கட் கூடுதல். அப்போதுதான் விளங்கியது. லொறி வந்த ஓர் இரவில், 24 பக்கட் கொண்ட ஒரு பெட்டியை அதற்குரிய இலக்கத்தில் பதியாமல் மற்றக் கம்பனியின் இலக்கத்தில் பதிந்திருக்கிறார்கள். ஒரு பக்கட்டும் களவு போகவில்லை. அந்தப் பதிவைப் போட்டவர் யார் என்று தேடினேன். கணனி அதையும் காட்டியது. என்னுடைய பெயர்தான் இருந்தது.

பெரிய கடைகளிலும் இதே கதை

இது என் கவனக்குறைவால் மட்டும் வந்ததா, மற்றவர்களுக்கும் நடப்பதா என்று அறிய விரும்பினேன். தேடிப் பார்த்தால், பல்கலைக்கழகங்களில் கணனித் தகவல் முறைகளையும் வியாபார முகாமையையும் ஆராய்பவர்கள் இதைத் தனி ஒரு பாடமாகவே வைத்து ஆராய்ந்து வருகிறார்கள்.

நிக்கோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் ஆகிய இரு ஆய்வாளர்களின் கட்டுரை 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. அமெரிக்காவின் பெரிய சில்லறை வியாபார நிறுவனம் ஒன்றின் 37 கடைகளை எடுத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட 3 இலட்சத்து 70 ஆயிரம் இருப்புப் பதிவுகள். ஒவ்வொன்றிலும் கணனி சொன்ன தொகையையும் கையால் எண்ணிய தொகையையும் ஒப்பிட்டார்கள். 65 வீதமானவை பொருந்தவில்லை. நூறு சாமான்களில் 65 சாமான்களுக்குக் கணனி சொன்ன கணக்கு பிழை.

எந்தச் சாமான்களில் பிழை கூடுகிறது என்பதையும் அவர்கள் கண்டறிந்தார்கள். நமக்குப் பயன்படும் பகுதி அதுதான். விலை குறைந்த சாமான்களில் பிழை கூட. விலை கூடிய சாமான்களை எல்லோரும் கவனமாகக் கையாள்வதால் அவற்றில் குறைவு. வேகமாக விற்கும் சாமான்களில் கூட. கடைசியாக எண்ணி நாளாக நாளாகப் பிழையும் கூடுகிறது. ஒரு கடையில் எத்தனை வகைச் சாமான்கள் அதிகமோ, அத்தனைக்குப் பிழையும் அதிகம்.

ஐரோப்பாவிலும் இதே போன்ற ஒரு ஆய்வு நடந்தது. யாசின் ரெக்கிக், ஆரிஸ் சிந்தெத்தோஸ், கிறிஸ்டோஃப் குளொக் ஆகியோர் பல சில்லறை நிறுவனங்களின் கணக்குகளை ஆராய்ந்து 2019இல் அறிக்கை வெளியிட்டார்கள். அங்கும் ஏறத்தாழ 60 வீதமான இருப்புப் பதிவுகள் பிழை. எண்ணித் திருத்திய சாமான்களின் விற்பனை 4 முதல் 8 வீதம் வரை உயர்ந்தது. புதிய சரக்கு வாங்காமல், விலை குறைக்காமல், விளம்பரம் போடாமல், எண்ணிக்கையைச் சரிசெய்ததால் மட்டும் கிடைத்த விற்பனை அது.

பிழை எங்கிருந்து வருகிறது?

நமது கடைகளில் அன்றாடம் நடப்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரே விலையில் மூன்று வாசனையில் சவர்க்காரம் இருக்கிறது. வாடிக்கையாளர் வகைக்கு ஒன்றாக மூன்று எடுக்கிறார். அவசரத்தில் காசாளர் ஒன்றை மட்டும் கருவியில் காட்டிவிட்டு மூன்று என்று அடிக்கிறார். காசு சரி. பில்லும் சரி. ஆனால் ஒரு வாசனையில் இரண்டு கூடுதலாகக் கழிகிறது. மற்ற இரண்டு வாசனைகளில் ஒவ்வொன்று கழியாமல் நிற்கிறது. ஒரே பில்லில் மூன்று சாமான்களின் கணக்கு பிழைத்துவிட்டது.

சாமானை மாற்றித் தரும்போது பதிவதில்லை. உடைந்ததை, திகதி முடிந்ததை, எலி கடித்ததை எறிந்துவிடுகிறோம். அதையும் பதிவதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமாக, வீட்டுக்குத் தேவையான சாமானைக் கடையிலிருந்து எடுத்துப் போகிறோமே, அதற்கு யார் பில் போடுகிறார்கள்? முதலாளி எடுக்கும் சீனியும் மாவும் கணனியில் அப்படியே கிடக்கின்றன. மாத முடிவில் குறைவு வந்ததும் கடைப் பையனைப் பார்க்கிறோம்.

களவு நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. நடக்கிறது. ஆனால் எண்ணிக்கை பிசகுவதற்குப் பத்துக் காரணங்கள் உண்டென்றால் களவு அவற்றில் ஒன்று. நாமோ அதை முதலாவது இடத்தில் வைத்து, மற்ற ஒன்பதையும் பார்ப்பதே இல்லை.

இல்லாத சரக்கு

2005ஆம் ஆண்டு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் செய்யப்பட்ட காங், கேர்ஷ்வின் ஆகியோரின் ஆய்வு இன்னொரு ஆபத்தைக் காட்டியது. கணனிக்குத் தெரியாமல் சரக்கு சிறிதளவே குறைந்தாலும், அதனால் சாமான் தீர்ந்து போகும் நிலை பல மடங்கு பெரிதாகிறது.

ஒரு சாமான் 10க்குக் கீழே வந்தால் ஓடர் போட வேண்டும் என்று கணனியில் வைத்திருக்கிறீர்கள். கணனி 12 என்கிறது. உண்மையில் றாக்கையில் ஒன்றுமில்லை. இல்லாத சரக்கு விற்காது. விற்காததால் கணனியின் எண் குறையாது. எண் குறையாததால் ஓடர் போகாது. ஆட்கள் வந்து கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போவார்கள். கணனியோ 12 இருக்கிறது என்று நிம்மதியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஒரே கடையில் நாள் முழுக்க நிற்பவருக்கு வெறும் றாக்கை கண்ணில் படும். இரண்டாவது கிளை திறந்து, அதன் இருப்பைக் கைத்தொலைபேசியில் பார்த்து ஓடர் போடும் சகோதரர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இதற்கு மருந்தும் ஆய்வாளர்களிடம் உண்டு. டிஹொரேஷியஸ் இன்னும் இருவருடன் சேர்ந்து 2008இல் எழுதிய வேறொரு கட்டுரையின் சாரம் இது: கணனியின் எண்ணை முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். அதை ஒரு மதிப்பீடாகக் கொள்ளுங்கள். தினமும் விற்கும் ஒரு சாமான், இருப்பு இருப்பதாகக் காட்டியும் பல நாட்களாக ஒன்றுகூட விற்கவில்லை என்றால், அது றாக்கையில் இல்லாமலிருக்கும் சாத்தியம் நாளுக்கு நாள் கூடுகிறது. போய்ப் பாருங்கள்.

பிரித்தானியத் தபாலகங்களில் நடந்தது

எனது கடையில் ஒரு தம்பியின் மனம் உடைந்தது. இதே மாதிரியான நம்பிக்கை ஒரு நாட்டின் அளவில் நடந்தால் என்னவாகும் என்பதைப் பிரித்தானியாவில் கண்டோம்.

அங்கு உப தபாலதிபர்கள் பலர் நம்மைப் போன்ற சிறு வியாபாரிகள். ஒரு பக்கம் பலசரக்குக் கடை, மறு பக்கம் தபால் கருமபீடம். தெற்காசியாவிலிருந்து போய்க் குடியேறிய குடும்பங்களும் இவர்களில் ஏராளம். 1999 முதல் இந்தத் தபாலகங்களில் 'ஹொரைஸன்' என்ற கணனி முறை பொருத்தப்பட்டது. அதை நடத்தியது புஜிட்சு நிறுவனம். அதன் பின்னர் கருமபீடங்களில் காசு குறைவதாகக் கணனி சொல்லத் தொடங்கியது. சிலருக்கு நூற்றுக்கணக்கான பவுண்கள், சிலருக்கு ஆயிரக்கணக்கான பவுண்கள்.

தபாலக நிறுவனம் கணனியை நம்பியது. குறைந்த காசைக் கட்டும்படி கேட்டது. சேமிப்பைக் கொட்டிக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். வீட்டை ஈடு வைத்துக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவர்கள் பலருக்கு, இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும்தான் என்று பதில் சொல்லப்பட்டது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். அவர்களில் சுமார் 700 பேர் மீது வழக்குத் தொடுத்தது தபாலக நிறுவனமே. சீமா மிஸ்ரா என்ற பெண்மணி 2010ஆம் ஆண்டு 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றபோது கர்ப்பிணியாக இருந்தார்.

உண்மை மெதுவாகத்தான் வெளிவந்தது. அலன் பேட்ஸ் என்ற முன்னாள் உப தபாலதிபரின் தலைமையில் 555 பேர் வழக்காடினார்கள். மென்பொருளில் பிழைகளும் குறைபாடுகளும் இருந்தன என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2021 ஏப்ரலில் சீமா மிஸ்ரா உட்பட 39 பேரின் தண்டனைகள் இரத்தாயின. எஞ்சியவர்களுள் பெரும்பாலானோரை விடுவிக்க 2024 மே மாதம் பாராளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கையின் முதற் பகுதி, குறைந்தது 13 பேர் இதனால் தம் உயிரை மாய்த்திருக்கலாம் என்று கூறியது.

பிழைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஸ்கொட்லாந்தில் டல்மெலிங்டன் என்ற ஊரின் தபாலகத்தில் 2015ஆம் ஆண்டு 8,000 பவுண் காசைக் கணனியில் பதிந்தார்கள். திரை அசையாமல் நின்றது. பதியவில்லையோ என்று மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினார்கள். கணனி அதை நான்கு தடவை பதிந்து 32,000 என்று காட்டியது. இல்லாத 24,000 பவுண் கணக்கில் ஏறிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு அந்த 24 பக்கட் பால்மாதான் ஞாபகத்துக்கு வந்தது. திரை நின்றுவிட்டால் நாமும் இப்படித்தானே அழுத்துகிறோம்?

இந்த விவகாரத்துக்குப் பின்னர் பீட்டர் லாட்கின், ஹரல்ட் திம்பிள்பி, மார்ட்டின் தோமஸ் போன்ற கணனி அறிஞர்களும், ஸ்டீபன் மேசன், போல் மார்ஷல் போன்ற சட்ட வல்லுநர்களும் ஒரு கேள்வியைக் கையிலெடுத்தார்கள். கணனியின் கணக்கைச் சாட்சியமாகக் கொண்டு வருபவர், அந்தக் கணனி சரியாக வேலை செய்தது என்று நிரூபிக்க வேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் முன்பு இருந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அதை நீக்கியது. அதன் பின்னர், பிழை என்று காட்டப்படும் வரை கணனி சரியானதே என்று நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. பெரிய மென்பொருள் எதிலும் பிழை இருந்தே தீரும். கணனியை வைத்திருப்பவரே அதன் பிழைப் பட்டியலையும் மாற்றங்களின் பதிவையும் முன்வைக்க வேண்டும் என்பது இவர்களின் வாதம். குற்றம் சாட்டப்பட்டவரிடம் கணனியும் இல்லை, பதிவும் இல்லை. அவர் எதைக் கொண்டு நிரூபிப்பார்?

எங்கள் கடையிலும் அதுதானே நடந்தது. கணனியின் பதிவுகள் என் கையில். அந்தத் தம்பியிடம் இருந்தது ஒரு சாப்பாட்டுப் பெட்டி.

நாம் செய்யக்கூடியவை

அமெரிக்காவின் ஆர்கன்சோ பல்கலைக்கழகம் 2005இல், பெட்டிகளில் வானொலி அலைச் சில்லுகள் ஒட்டிய வோல்மார்ட் கடைகளை ஆராய்ந்தது. றாக்கையில் சாமான் இல்லாமற் போவது 16 வீதம் குறைந்திருந்தது. பெரிய நிறுவனங்களுக்கு அது சரி. நமது கடைகளுக்கு அவ்வளவு செலவு வேண்டியதில்லை. நான் இப்போது கடைப்பிடிப்பவற்றைக் கீழே தருகிறேன்.

1. தினமும் கடை திறக்குமுன் பத்துச் சாமான்களை எண்ணுங்கள். பதினைந்து நிமிட வேலை. மாதம் 25 நாள் எண்ணினாலும் 250 சாமான்கள் முடிந்துவிடும். வருடக் கடைசியில் கடையை மூடி எண்ணுவதை விட இது இலேசு. விலை குறைந்த, வேகமாக ஓடும் சாமான்களை அடிக்கடி எண்ணுங்கள்.

2. குறைவை மட்டும் தேடாதீர்கள், கூடுதலையும் தேடுங்கள். குறைவு கண்ட சாமானுக்குப் பக்கத்தில், அதே விலையில், அதே அளவில் உள்ளவற்றையும் எண்ணுங்கள். பல வேளைகளில் காணாமற் போனது அங்கேதான் நிற்கும்.

3. லொறி நிற்கும்போதே சரக்கை எண்ணிப் பற்றுச்சீட்டில் அடையாளமிடுங்கள். கணனியில் பதிவதைக் களைப்போடு இரவில் செய்யாமல் காலையில் செய்யுங்கள். ஒருவர் வாசிக்க மற்றவர் பதிய வேண்டும். பெட்டியா, பக்கட்டா என்பதை உரத்துச் சொல்லிப் பதியுங்கள்.

4. வகை வேறானால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கருவியில் காட்டும்படி காசாளருக்குச் சொல்லுங்கள். காசு ஒன்றுதானே என்ற சமாதானம் வேண்டாம்.

5. வழமையாக ஓடும் சாமான்களில், ஒரு வாரமாக ஒன்றும் விற்காதவற்றின் பட்டியலை வாரம் ஒருமுறை எடுங்கள். கையோடு றாக்கைக்குப் போய்ப் பாருங்கள்.

6. வீட்டுக்கு எடுப்பது, உடைந்தது, திகதி முடிந்தது, தர்மமாகக் கொடுத்தது எல்லாவற்றுக்கும் ஒரு கொப்பி வையுங்கள். முதலாளியின் பெயர்தான் அதில் முதலில் எழுதப்பட வேண்டும்.

7. ஒவ்வோர் ஊழியருக்கும் தனித்தனிக் கடவுச்சொல் கொடுங்கள். ஒரே கடவுச்சொல்லில் நால்வர் வேலை செய்தால், நாளைக்கு ஒரு பிழை வரும்போது நால்வரும் சந்தேகத்துக்கு ஆளாவார்கள்.

8. மென்பொருள் விற்பவரிடம் வாங்குமுன் கேளுங்கள்: யார், எப்போது, எதைப் பதிந்தார் என்று காட்டுமா? அழித்த பதிவுக்கு அடையாளம் இருக்குமா? திரை நின்றபோது இரண்டு தடவை அழுத்தினால் இரண்டு தடவை பதியுமா? பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்க அவசரப்பட வேண்டாம்.

9. யாரையும் சந்தேகிக்குமுன் வேறொருவரைக் கொண்டு இரண்டாவது தடவை எண்ணுங்கள். கொள்வனவுப் பதிவுகளையும் மாற்றிக் கொடுத்தவற்றையும் பாருங்கள். அதற்குப் பிறகும் கேட்க வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடைக்கு நடுவில் கேட்காதீர்கள்.

பிழையைக் கண்டுபிடித்த அன்று மாலையே அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போனேன். அவருடைய உம்மா தேநீர் தந்தார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "முதலாளி, அண்டைக்கு மத்த றாக்கையையும் ஒருக்கா எண்ணிப் பாருங்க எண்டு சொல்ல நினைச்சன். நீங்க கேக்கிற மாதிரி இருக்கல்ல" என்றார்.

ஆறு வருடமாக அந்த ஸ்டோரில் நின்றவருக்கு, எந்தப் பெட்டி எதனோடு மாறும் என்று தெரிந்திருந்தது. கணனிக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவரிடம் நான் கேட்கவுமில்லை.

அதே வாரம் எனது ஊழியர்கள் எல்லோரையும் அழைத்து, பிழை என்னுடையது என்று அவர்கள் முன்னால் சொன்னேன். அவரைத் திரும்ப வரும்படி கேட்டேன். அவர் வரவில்லை. இப்போது வேறொரு கடையில் ஸ்டோருக்குப் பொறுப்பாக இருக்கிறார். நல்ல ஒரு ஊழியரை இழந்த நட்டத்தை எந்தக் கணனியும் எனக்குக் கணக்கிட்டுக் காட்டவில்லை.

மேல் தட்டில் கிடந்த சரக்குக் கொப்பியைத் தூசு தட்டி இறக்கியிருக்கிறேன். காலையில் எண்ணும் பத்துச் சாமான்களும் அதில்தான் ஏறுகின்றன. எண்ணிக்கை பிசகினால், முதலில் என்னுடைய பெயரில் உள்ள பதிவுகளைத்தான் திறந்து பார்க்கிறேன்.